ரீச்சர், இது என்ன பறவை? விழுந்த இறகை இனங்காணும் முறை

கைத்தொலைபேசிக்கு வரும் படங்களில் பாதி ஒரே அச்சில் இருக்கின்றன. சீமெந்துத் தரை, நடுவில் ஓர் இறகு, அளவு தெரிய அருகில் எதுவும் கிடையாது. படம் எடுத்தவரின் நிழல் மட்டும் தாராளமாக விழுந்திருக்கும். கீழே ஒரு வரி: “ரீச்சர், இது என்ன பறவை?”

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளும் இப்போது இறகுப் படம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். ஆளுக்கு ஆள் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதிவைக்கிறேன். வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

முதல் முறைப்பாடு, கேள்வியே பிழை என்பதுதான். இறகைக் கண்டவுடன் எந்தப் பறவை என்று கேட்கக் கூடாது. பறவையின் உடம்பில் எந்த இடம் என்று கேட்க வேண்டும். ஒரே காகத்திலிருந்து பெருவிரல் நகமளவு சாம்பல் இறகும் விழும், ஏறத்தாழ ஒரு சாண் நீளமான கறுப்பு இறகும் விழும். இரண்டையும் இரண்டு பறவை என்று எண்ணியவர் நாள் முழுக்கத் தேடுவார். இடம் தெரிந்தால் பறவையின் பருமன் தெரியும். பருமன் தெரிந்தால் சந்தேகத்துக்குரியவர்கள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுவார்கள். நிறம் அதற்குப் பிறகு. நிறத்தில் தொடங்கியவர்கள் நிறத்திலேயே வழுக்கி விழுவதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

இந்தக் கட்டுரை முழுவதும் சிறகு என்று நான் எழுதுவது முழுச் செட்டையை. இறகு என்று எழுதுவது அதிலிருந்தோ உடம்பிலிருந்தோ உதிரும் ஒற்றையை. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எடுப்பதற்கு முன்

இலங்கையின் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க, விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. தேசியப் பூங்காவிற்குள் கிடப்பது ஒற்றை இறகாக இருந்தாலும் வெளியே கொண்டுவரக் கூடாது. அம்பாறை மாவட்டத்தில் குமணவும் கல்லோயாவும் அப்படிப்பட்ட இடங்கள். கதிர்காமப் பாத யாத்திரைக்குப் போகிறவர்கள் உகந்தையைத் தாண்டிக் குமணக் காட்டுக்குள் நடக்கும்போது மயிலிறகு கண்ணில் படாமல் இருக்காது. முருகன் தந்தது என்று மடியில் கட்டிக்கொள்ள மனம் வரும். முருகனுக்கு அதைக் காட்டிலேயே விட்டுவைப்பதில் ஆட்சேபம் இருக்காது என்பது என் துணிபு.

பூங்காவுக்கு வெளியே, வீட்டு முற்றத்திலும் வாவிக்கரையிலும் கிடப்பவற்றுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: அளந்து, படமெடுத்து, கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இறகு சேர்ப்பவரின் பெட்டி சில மாதங்களில் பூச்சி அரித்துத் தூளாகும். படம் அரிக்காது. அதோடு, சேர்க்கும் ஆசைக்கு ஒரு கெட்ட சரித்திரமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களின் தொப்பிகளில் குத்துவதற்காக வெள்ளைக் கொக்குகள் கூடு கட்டும் பருவத்திலேயே கொல்லப்பட்டன. அந்தப் பருவத்தில் மட்டும் முதுகில் முளைக்கும் மெல்லிய தூவிகளுக்குத்தான் அவ்வளவு விலை. இதைப் பொறுக்க முடியாத பெண்கள் 1889இல் இங்கிலாந்தில் தொடங்கிய சங்கம்தான் இன்றைக்கு அந்த நாட்டின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பு. இறகு இறக்குமதியைத் தடைசெய்யும் சட்டம் அங்கே 1921இல் வந்தது. தொப்பிக்காகக் கொன்றவர்களும் பெண்களுக்காகவே கொன்றார்கள், தடுத்தவர்களும் பெண்கள். அது தனிக் கதை, இங்கே நீட்டவில்லை.

இன்னொன்று சுகாதாரம். இறகில் பேனும் உண்ணியும் இருக்கும், சில வேளை கிருமியும் இருக்கும். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் இறகையும் தொட வேண்டாம், உடலையும் தொட வேண்டாம். கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

கோழியில் தொடங்குங்கள்

காட்டுப் பறவையின் இறகை எடுத்துப் பழக வேண்டிய தேவையே இல்லை. ஊர்க்கோழி அடிக்கும் வீட்டில் அல்லது சந்தையில், இறகு பிடுங்காத ஒரு செட்டையைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும். வெள்ளை இறைச்சிக்கோழி வேண்டாம், நிறமுள்ள ஊர்க்கோழிதான் வேண்டும். பழைய பத்திரிகையை விரித்து அதன்மேல் செட்டையை அகல விரித்து வையுங்கள்.

நாம் கறியில் சாப்பிடும் அதே மூன்று துண்டுதான்: உடம்போடு சேரும் மேற்கை, நடுவில் முன்கை, நுனியில் கை. நுனித் துண்டிலிருந்து புறப்படும் பெரிய இறகுகளை இங்கே கையிறகு என்று சொல்லப் போகிறேன். நடுத் துண்டிலிருந்து வருபவை முன்கையிறகு. கோழியில் கையிறகு 10 இருக்கும், எண்ணிப் பாருங்கள். கைக்கும் முன்கைக்கும் இடையில் குட்டையான ஓர் இறகு மட்டும் தனித்துத் தெரியும். அதுதான் எல்லைக்கல். பெரும்பாலான பறவைகளில் கையிறகின் எண்ணிக்கை 9க்கும் 11க்கும் இடையில்தான் இருக்கும். ஆகவே இந்த ஒரு செட்டையைப் பழகினால் மற்றவையும் கைவசப்படும்.

இனி ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஓரிரண்டைப் பிடுங்குங்கள். தண்டின் அடியில் இழையில்லாத வெற்றுப் பகுதியான அடிக்குழலில் பேனையால் அடையாளம் இடுங்கள். எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு, அடையாளத்தை மறைத்துக்கொண்டு, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லிப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாடவேளைக்குள் இதில் தேறிவிடுவார்கள். பெரியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும், நிறத்தைப் பார்க்கும் பழக்கம் அவர்களைவிட்டு இலேசில் போகாது.

பழகிய இறகுகளை வெதுவெதுப்பான நீரில் சவர்க்காரம் கலந்து அலசி நிழலில் உலர்த்தினால் வகுப்பறைக்கு வைத்துக்கொள்ளலாம். நனைந்து பிய்ந்து கிடக்கும் இறகைக் கண்டு கவலைப்பட வேண்டாம். உலர்ந்த பின் அடியிலிருந்து நுனி நோக்கி இரண்டு விரல்களுக்கிடையில் வைத்து நீவுங்கள். காற்சட்டை சிப் பூட்டிக்கொள்வது போலப் பிரிந்த இழைகள் மீண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கிளைகளும், அக்கிளைகளில் கொக்கிகளும் உண்டு. பறவை சொண்டால் கோதிக்கொள்வதும் இதே வேலைக்காகத்தான். கோழியின் மார்பு இறகு ஒன்றின் அடியைப் பிரித்தும் பாருங்கள்: பிரதான தண்டின் பின்னால் பஞ்சு போர்த்திய இன்னொரு சின்ன இறகு ஒட்டிக்கொண்டிருக்கும். கோழி, காட்டுக்கோழி, காடை, கௌதாரி குடும்பத்தில் இந்தப் பின்னிறகு நன்றாக வளர்ந்திருக்கும். புறாவில் இதைக் காண மாட்டீர்கள். முற்றத்தில் கிடக்கும் சாம்பல் இறகு புறாவா கோழியா என்ற சண்டையை இது ஒரு நிமிடத்தில் தீர்த்துவைக்கும்.

உடம்பில் எந்த இடம்

முதலில் மேற்பக்கம் எது என்று பாருங்கள். தண்டின் கீழ்ப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும், மேற்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். பெரும்பாலும் மேற்பக்கமே கடும் நிறமாகவும் மினுக்கமாகவும் இருக்கும்.

அடுத்தது, பஞ்சு எவ்வளவு என்பது. முழுவதும் பஞ்சாக, தண்டே தெரியாமல் இருந்தால் அது தோலோடு ஒட்டிய உள்ளிறகு. சூட்டைக் காப்பது மட்டும்தான் அதன் வேலை. அதைக் கொண்டு இனம் சொல்ல முடியாது, படம் அனுப்பி என்னைச் சோதிக்க வேண்டாம். பாதி பஞ்சாகவும் பாதி ஒழுங்காகவும், சற்று வளைந்தும் இருந்தால் உடம்பை மூடும் இறகு. விறைப்பான தண்டும் அடியில் மட்டும் சிறிது பஞ்சும் இருந்தால் சிறகோ வாலோ. நமக்கு வேண்டியது இதுதான்.

விறைத்த இறகைக் கிடைமட்டமாகப் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். வில்லாக வளைந்திருந்தால் சிறகு. ஏறக்குறைய நேராக, தட்டையாக இருந்தால் வால். பின் தண்டின் இருபுறமும் இழைகள் கோத்துத் தகடாகப் பரந்திருக்கும் மடலின் அகலத்தை ஒப்பிடுங்கள். ஒருபக்கம் மிக ஒடுக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருந்தால் அது கையிறகு. ஒடுக்கமான பக்கம்தான் பறக்கும்போது காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போகும், அது அகலமாக இருந்தால் காற்று அதை முறுக்கிவிடும். வித்தியாசம் குறைவாகவும், நுனி மழுங்கியும், இறகு முழுவதும் உட்பக்கம் சரிந்தும் இருந்தால் முன்கையிறகு. இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தால் வாலின் நடு இறகு. வாலின் ஓரத்துக்குப் போகப் போக வெளிப்பக்கம் ஒடுங்கிக்கொண்டு வரும்.

சில கையிறகுகளில் பாதி வழியில் மடல் திடீரென்று வெட்டியெடுத்தது போல ஒடுங்கும். இது பிய்ந்த இடமன்று. பருந்து, நாரை, கூழைக்கடா, காகம் ஆகியவை சிறகை விரிக்கும்போது நுனி இறகுகள் விரல்களாகப் பிரிந்து தெரிவது இந்த ஒடுக்கத்தால்தான். பெரிய இறகில் இந்த ஒடுக்கத்தைக் கண்டால் நுனிப்பக்கக் கையிறகு என்று தயங்காமல் எழுதலாம்.

வலமா இடமா என்பதையும் சொல்லிவிடலாம். நுனி மேலே, மேற்பக்கம் உங்களை நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். ஒடுக்கமான மடல் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அது பறவையின் வலச் சிறகு. வலப்பக்கம் இருந்தால் இடச் சிறகு. தலைகீழாக ஒலிக்கிறது என்று நினைப்பவர்கள் கோழிச் செட்டையிடம் திரும்பப் போய்க் கேட்கவும். இதனால் என்ன பயன் என்று ஒரு தகப்பனார் கேட்டார். பயன் உண்டு. ஒரு மரத்தடியில் ஒரு கிழமைக்குள் வலமும் இடமுமாக ஒரே வகை இரண்டு இறகு கிடைத்தால் ஒரே பறவை இறகு மாற்றுகிறது என்று பொருள். பெரும்பாலான பறவைகள் இரண்டு பக்கமும் சமநிலை கெடாதபடி சோடி சோடியாகத்தான் உதிர்க்கும். தாராக்கள் அப்படியல்ல. சிறகின் பெரிய இறகுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டுச் சில வாரங்கள் பறக்க முடியாமல் நாணலுக்குள் ஒளிந்திருக்கும்.

தானாக உதிர்ந்ததா, பிடுங்கப்பட்டதா

ஒற்றை இறகு, அடிக்குழல் உலர்ந்து சுத்தமாக இருக்கிறது என்றால் இயல்பாக உதிர்ந்தது. அதைச் சோக நிகழ்ச்சியாக்க வேண்டாம்.

பல இறகுகள் வட்டமாகச் சிதறிக் கிடந்தால் குழல்களைப் பாருங்கள். குழல் முழுசாக இருந்து, தண்டில் சொண்டு கவ்விய தடமோ மடிப்போ தெரிந்தால் வல்லூறு அல்லது வேறு வேட்டைப் பறவை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறது. குழல் மென்று துண்டிக்கப்பட்டு, நாலைந்து இறகு எச்சிலால் ஒட்டிக் கொத்தாகக் கிடந்தால் பூனை, நாய், கீரி, நரி இவற்றில் ஒன்று. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் பூனைதான், அதுவும் சாப்பாடு போட்டு வளர்க்கும் பூனை. இதைச் சொன்னால் பூனை வளர்ப்பவர்கள் கோபிக்கிறார்கள். நான் இறகைத்தான் வாசிக்கிறேன்.

அடிக்குழல் கறுத்து, உள்ளே இரத்தம் உறைந்து, கீழ்ப்பகுதி இன்னும் உறைக்குள் சுருண்டிருந்தால் வளர்ந்துகொண்டிருந்த இறகு பிடுங்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட இறகின் நீளத்தை வைத்துப் பறவையின் பருமனைக் கணக்கிடக் கூடாது.

மடலுக்குக் குறுக்கே மெல்லிய வெளிர் கோடுகள் ஓடுவதைச் சில வேளை காணலாம். அந்த இறகு முளைத்த நாட்களில் பறவைக்கு இரை குறைந்தது, அல்லது அது நோய்ப்பட்டது, அல்லது வேறு ஏதோ நெருக்கடி. கூண்டுக் கிளிகளின் இறகில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

இனித்தான் நிறம்

நீலத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அதிகம் ஏமாற்றுவது. பனங்காடையின் இறகு வயல் வரம்பில் கிடந்தால் யாரும் குனியாமல் போக மாட்டார்கள். கடும் நீலமும் வெளிர் நீலமும் பட்டையாக மாறி மாறி வரும். அதை எடுத்துச் சூரியனுக்கு எதிரே பிடித்து ஊடாகப் பாருங்கள். நீலம் காணாமல் போய் மங்கிய கபிலம்தான் தெரியும். இறகில் நீலச் சாயம் ஒன்றும் இல்லை. இழைகளுக்குள் இருக்கும் மிக நுண்ணிய காற்றறைகள் ஒளியில் நீலத்தை மட்டும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன, பின்னால் இருக்கும் கறுப்பு மிச்சத்தை விழுங்கிவிடுகிறது. மீன்கொத்திக்கும் இதே கதைதான். கிளியின் பச்சையிலும் பாதி இதுவே: இந்த நீலத்தின் மேல் மஞ்சள் நிறமி சேர்ந்து பச்சையாகிறது. ஆகவே நீல, பச்சை இறகுகளை வெளிச்சம் முன்னாலிருந்து விழும்படி படமெடுங்கள். ஜன்னலுக்கு எதிரே பிடித்து எடுத்த படத்தில் பனங்காடையும் புலுனியும் ஒன்றுதான்.

வெண்தொண்டை மீன்கொத்தியின் கையிறகில் வெள்ளைப் பகுதியும் கறுத்த நுனியும் உண்டு, இறகும் சிறியது. பனங்காடையோடு குழம்பத் தேவையில்லை.

செந்நிற இறகுதான் இந்தப் பகுதியில் அதிகம் வம்பிழுப்பது. செங்கல் நிற இறகு கிடைத்தால் எல்லோரும் செம்பருந்து என்று முடிவுகட்டுகிறார்கள். கல்லடிப் பாலத்தருகே மீன்வாடிகளுக்கு மேல் அது வட்டமிடுவதைத் தினமும் பார்ப்பதால் வரும் வினை. மூன்று பேரை விசாரிக்க வேண்டும். செம்பருந்தின் நீண்ட கையிறகு செந்நிறம், ஆனால் நுனி கறுப்பு, பாதி வழியில் மடல் ஒடுங்குவதாக நான் மேலே சொன்ன அந்த ஒடுக்கமும் இருக்கும். செண்பகத்தின் சிறகிறகு செந்நிறம், நுனி புகைபிடித்தது, இறகு சிறியது, தொய்வானது. வேலிப் பற்றைக்குள் தவ்வித் திரியும் பறவைக்கு விறைப்பு எதற்கு? மூன்றாவது ஆள்தான் யாரும் நினைக்காதவர்: ஆண் மயில். தோகையை மட்டும் பார்ப்பவர்களுக்கு மயிலின் கையிறகு செந்நிறம் என்பது தெரியாது. இறகு பெரியது, கோழியிறகின் அதே அழுத்தமான வளைவு, நுனியில் கறுப்புத் தொப்பி இல்லை. படுவான்கரை வயல்களில் மயில் பெருகியிருக்கும் இந்தக் காலத்தில், அங்கே கிடக்கும் பெரிய செந்நிற இறகுக்கு முதலில் மயிலைத்தான் சந்தேகிப்பேன்.

மயில் தோகை என்பதும் வால் அன்று. வாலின் அடியை மூடும் இறகுகள் நீண்டு வளர்ந்ததே தோகை. மங்கிய நிறமுடைய குட்டையான உண்மையான வால் அதற்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். இணைசேரும் பருவம் முடிந்ததும் ஆண்டுதோறும் தோகை உதிர்ந்துவிடும். காவடிக்கு மயிலைக் கொல்ல வேண்டியதில்லை என்று பாட்டன் காலத்திலிருந்தே சொல்லிவந்தது உண்மைதான்.

கறுப்பு இறகு கிடைத்தால் காகம் என்று வைத்துக்கொண்டு, அதை மறுக்கக் காரணம் தேடுங்கள். ஆண் குயிலின் இறகில் பச்சை கலந்த நீல மினுக்கம் அதிகம், வாலிறகு நீளம். கரிச்சானின் வாலோரத்து இறகு வெளிநோக்கி வளையும். நீர்க்காகத்தின் வாலிறகு குச்சியாக விறைத்திருக்கும். கம்புகளில் சிறகை விரித்து அது வெயில் காய்வதை வாவியில் எங்கும் காணலாம். அதன் இறகின் ஓரங்கள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் மூழ்குவது சுலபம், பிறகு காய வைத்தே ஆக வேண்டும்.

வெள்ளையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரும்போக உழவில் உழவு இயந்திரத்தின் பின்னால் நடக்கும் கொக்குகள், வாவிக்கரையில் நிற்கும் சின்னக் கொக்கு, பெரிய கொக்கு எல்லாம் வெள்ளைதான். நீளம் ஒன்றுதான் பிரித்துக் காட்டும், அதுவும் உறுதியில்லை. கொக்கு என்று எழுதிவிட்டு நகருங்கள். இனப்பெருக்கக் காலத்தில் மாட்டுக் கொக்கின் தலையிலும் முதுகிலும் வரும் செம்மஞ்சள் இறகு கிடைத்தால் மட்டும் பெயர் சொல்லலாம்.

பெரிய பறவைகளின் சிறகு நுனிகள் பல வேளை கறுப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கறுப்பு நிறமி இறகை உறுதியாக்குகிறது. காற்றும் மணலும் அதிகம் தேய்ப்பது நுனியைத்தான். கடற்கரையில் உப்பும் வெயிலும் பட்டு வெளுத்த இறகில் கறுப்பு கபிலமாகியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ரோசா நிற இறகு கிடைத்தால் உடனே பூநாரை என்று துள்ள வேண்டாம். மஞ்சள் மூக்கு நாரையின் சிறகில் உடம்போடு சேரும் பக்கத்து இறகுகளும் மெல்லிய ரோசா நிறமே. ஏப்ரல் முதல் ஜூலை வரை குமண வில்லு என்னும் சதுப்பு நீர்நிலையில் நீர்ப்பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் காலத்தில் இந்தக் குழப்பத்தோடு படங்கள் வருகின்றன. உள்நாட்டுக் குளக்கரை என்றால் நாரை பக்கம் சாய்வேன்.

கடைசியாக, புள்ளியும் பட்டையும் உள்ள கபில இறகு. பெரும்பாலானோர் ஆந்தை என்று பயந்துகொண்டே அனுப்புகிறார்கள், வீட்டுக்குக் கெடுதியா என்றும் சேர்த்துக் கேட்கிறார்கள். கெடுதி ஒன்றுமில்லை. வயலில் எலி பிடிக்கும் பறவை வீட்டுப் பக்கம் வந்தால் நல்லதுதான். ஆனால் அவற்றில் அநேகம் ஆந்தையே அல்ல, பெண் குயில். ஆந்தையா என்று அறிய மூன்று சோதனைகள். இறகின் மேற்பரப்பை விரலால் தடவுங்கள், வெல்வெட்டாக இருக்கும். வெளி விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள், சிறகின் முன்னோரத்து இறகு என்றால் சீப்புப் பற்கள் வரிசையாக நிற்கும். காதருகே வேகமாக வீசுங்கள், காக இறகு விசுக்கென்று கேட்கும், ஆந்தையிறகு கேட்காது. எலியின் காதுக்குத் தப்பிப் பறக்கவே இவ்வளவு ஏற்பாடும். இதில் ஒரு விதிவிலக்கு எனக்கு மிகவும் பிடித்தது: குளத்தோரங்களில் வாழும் மீன் ஆந்தையின் இறகில் இந்தச் சீப்பு சரியாக வளர்ந்திருப்பதில்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு மேலே சிறகடிக்கும் ஓசை கேட்காது, மௌனத்துக்கு அங்கே வேலையில்லை.

படம் எடுக்கும்போது

பள்ளிக்கூடப் பையிலிருக்கும் அடிமட்டத்தை இறகின் அருகில் வையுங்கள், அடிக்குழலின் முனை பூச்சியத்தில் இருக்கட்டும். வளைந்த இறகை நிமிர்த்தி அளந்துகொள்ளுங்கள். கடும் நிற இறகுக்கு வெள்ளைக் கடதாசி, வெள்ளை இறகுக்குக் கறுப்புத் துணி. மேற்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடிக்குழலுக்கு அருகில் போய் ஒன்று. திகதி, இடம், சுற்றிலும் வயலா வாவியா தென்னந்தோட்டமா என்பதை எழுதுங்கள். பறவையின் பெயரை ஊகித்து எழுத வேண்டாம். அதற்குப் பதிலாக “கையிறகு, வலப்பக்கம், 19 சென்ரிமீற்றர், தானாக உதிர்ந்தது” என்ற மாதிரி எழுதுங்கள். அப்படி எழுதத் தெரிந்தவர்களில் பலருக்கு என்னிடம் கேட்கத் தேவையே வராது.

தொலைபேசிச் செயலிகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். அவை முழுப் பறவையின் படங்களைப் பார்த்துப் பழகியவை. ஒற்றை இறகைக் காட்டினால் துணிச்சலாக ஏதாவது ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயரை எனக்கு அனுப்பாமல் படத்தை மட்டும் அனுப்புங்கள்.

அனுப்பக் கூடாதவையும் உண்டு. கடும் ஊதாவும் கிளிப்பச்சையுமாகத் தண்டு வரை ஒரே சீராக நிறமேறிய இறகு, தூசு தட்டும் தும்புக்கட்டையிலிருந்தோ கலை விழா உடுப்பிலிருந்தோ விழுந்த, சாயம் தோய்த்த கோழியிறகு. விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் கிடக்கும், நுனி சீராக வெட்டப்பட்ட விறைத்த வெள்ளை இறகு பூப்பந்தாட்டப் பந்திலிருந்து வந்தது. ஒரு பந்தில் 16 இறகு, பெரும்பாலும் வாத்தினுடையவை. பந்து ஒரே திசையில் சுழல வேண்டும் என்பதால் நல்ல பந்துகளுக்கு ஒரே பக்கத்துச் சிறகிலிருந்துதான், வழக்கமாக இடப்பக்கத்திலிருந்து, தெரிந்தெடுப்பார்கள். ஒடுக்கமான மடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்களே பிடித்துப் பாருங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்.